இருக்கையிலிருந்து விழுந்த தலைக்கவசத்தைத் தொடர்ந்து அணியலாமா?

கேள்வி: நொய்யல்கரை

வணக்கம். கோவையிலிருந்து திருப்பூருக்கு அவிநாசி சாலை வழியாக நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் சென்று வருகிறேன். சென்ற வாரம் அலுவலகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் தலைக்கவசத்தை இருக்கையின் மேல் வைத்துவிட்டு மழைக்கோட்டை மடித்துக்கொண்டிருந்தபோது, அது உருண்டு சிமெண்ட் தரையில் விழுந்துவிட்டது. இருக்கையின் உயரம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் இருக்கும். டிஸ்க் லாக்கையும் (வண்டியின் டிஸ்க் பிரேக்கில் மாட்டும் இரும்புப் பூட்டு) கையுறைகளையும் வழக்கம்போல தலைக்கவசத்துக்குள்ளேயே போட்டு வைத்திருந்தேன். இடப்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்திருக்கிறது. அதைத் தவிர வெளியில் வேறு சேதம் தெரியவில்லை, முன்கண்ணாடியும் சரியாக ஏறி இறங்குகிறது.

இது முகத்தை முழுவதும் மூடும் வகை, பிளாஸ்டிக் ஓடு, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது, எடை 1,400 கிராம். வாங்கி ஓராண்டுதான் ஆகிறது. ஒரு முறை கீழே விழுந்தாலே தலைக்கவசத்தின் ஆயுள் முடிந்தது என்று அலுவலக நண்பர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். இன்னொருவரோ தம்முடையது விழாத இடமே இல்லை என்றும், அதையெல்லாம் பார்த்தால் மாதம் ஒன்று வாங்க வேண்டியிருக்கும் என்றும் சிரிக்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி? வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஏதேனும் வழி உண்டா? எனக்கு அது உதவாது என்றால், எப்போதாவது பேருந்து நிலையம் வரை பின்னால் அமர்ந்து வரும் தம்பிக்கு அதை ஒதுக்கி வைக்கலாமா என்றும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி: பட்டறைப் பொறியாளர்

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஆனால் விழும்போது அதற்குள் தலை இருந்ததா இல்லையா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

தலைக்கவசத்தில் வேலை செய்யும் பகுதிகள் இரண்டு. வெளி ஓடு, அடியைப் பரவலாக்கி, கூர்மையான பொருள்கள் உள்ளே நுழையாமல் தடுக்கிறது. அதற்கு உள்ளே இருப்பது நாம் தெர்மோகோல் என்று அழைக்கும் அதே பாலிஸ்டைரீன் நுரைதான். பெட்டிகளில் வருவதைவிட அடர்த்தி மிகுந்தது, அவ்வளவே. விபத்தில் ஓடு சாலையில் மோதி நின்றுவிட்டாலும், உள்ளே நான்கைந்து கிலோ எடையுள்ள தலை அதே வேகத்தில் முன்னேறிக்கொண்டே இருக்கிறது. ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே சிக்கிய தெர்மோகோல் நசுங்கி, அந்த நசுங்கலிலேயே தலையின் வேகத்தைத் தணிக்கிறது. நசுங்கிய தெர்மோகோல் மீண்டும் பழைய தடிமனுக்கு வருவதில்லை. அதனால்தான் தலையில் அணிந்திருக்கும்போது அடிபட்ட கவசம், பார்வைக்கு எவ்வளவு புதிதாக இருந்தாலும், அந்த ஓர் அடியோடு தன் கடமையை முடித்துவிட்டது என்று கருத வேண்டும்.

வெறும் கவசம் விழும்போது நடப்பது வேறு. உங்கள் கவசம் 1.4 கிலோ, 80 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும் நேரத்தில் அதன் ஆற்றல் ஏறத்தாழ 11 ஜூல். ஐரோப்பாவில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த இ.சி.இ. 22.05 தரநிலையின் சோதனையில், நடுத்தர அளவுக்கு 4.7 கிலோ எடையுள்ள உலோகத் தலையைக் கவசத்துக்குள் பொருத்தி, நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் இரும்புப் பரப்பின் மீது மோதவிடுவார்கள். தலையின் ஆற்றல் மட்டுமே 132 ஜூல், அதாவது உங்கள் கவசம் சந்தித்ததைப் போல் பன்னிரண்டு மடங்கு. அதைவிட முக்கியமானது, உங்கள் 11 ஜூலில் பெரும்பகுதி ஓடு வளைந்து துள்ளி எழுந்ததில் செலவாகியிருக்கும் என்பது. தெர்மோகோலை உள்ளிருந்து அழுத்த எதுவும் இல்லை. அதன் சொந்த எடையோ சில நூறு கிராம்களே.

தலைக்கவசச் சோதனையில் பெயர்பெற்ற அமெரிக்காவின் ஸ்னெல் அறக்கட்டளையும் இதே கருத்தையே சொல்கிறது. 1956-இல் பந்தயத்தில் தலைக்கவசம் காப்பாற்றத் தவறியதால் இறந்துபோன பீட் ஸ்னெல் என்ற கார் ஓட்டுநரின் நினைவாக, அடுத்த ஆண்டில் தொடங்கப்பட்ட அமைப்பு அது. இப்படிப்பட்ட கேள்விகளில் அலட்சியம் காட்டக்கூடிய இடமன்று. விபத்தில் சிக்கிய கவசத்தை மாற்றியே ஆக வேண்டும் என்று வலியுறுத்தும் அவர்களே, வெறுமையாகக் கைதவறி விழுந்ததற்காக மட்டும் மாற்றத் தேவையில்லை என்கிறார்கள். அடிக்கடி கீழே போடுவதும் தரையில் ஓங்கி வைப்பதும் நாளடைவில் திறனைக் குறைக்கும் என்று எச்சரிக்கவும் செய்கிறார்கள்.

இருந்தாலும் பார்க்காமல் விட வேண்டாம். முதலில் பெயிண்ட் பெயர்ந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வெயில் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தின்னரோ பெட்ரோலோ வேண்டாம், அவை இத்தகைய பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். பெயர்ந்த இடத்தின் மேல் சிறிது பஞ்சை இழுத்தால், ஓடு விரிசல் விட்டிருக்கும் இடத்தில் இழை சிக்கும். ஏதேனும் கோடு தென்பட்டால் அதன் இரு பக்கமும் விரலால் அழுத்துங்கள். கோடு திறந்து மூடினால் அது பெயிண்டில் மட்டும் விழுந்த கோடு அன்று. இத்தகைய ஓடுகளில் பயன்படும் ஏ.பி.எஸ். என்ற வகைப் பிளாஸ்டிக் அளவுக்கு மீறி வளைந்த இடம் வெளுத்துப்போகும்; வெளியில் பெயிண்ட் அதை மறைத்துவிடுவதால், கழுத்துப் பக்க விளிம்பில் ரப்பர் பட்டையை விலக்கி உள்முகத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடியிழை ஓடாக இருந்தால் நாணயத்தால் மெல்லத் தட்டிப் பார்க்கலாம், அடுக்குகள் பிரிந்த இடத்தில் ஓசை மந்தமாக ஒலிக்கும். உங்களுடையது பிளாஸ்டிக் என்பதால் அந்தச் சோதனையால் பெரிய பயனில்லை.

பிறகு கன்னப் பஞ்சுகளையும் உள்துணியையும் கழற்றித் தெர்மோகோலைப் பாருங்கள். பல கவசங்களில் அதற்குக் கறுப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். விரிசல் விட்டிருந்தால் கறுப்பினூடே வெள்ளைக் கோடாகத் தெரியும். வெவ்வேறு அடர்த்தியுள்ள துண்டுகளைச் சேர்த்துச் செய்த கவசங்களில் நேரான, ஒழுங்கான இணைப்புக் கோடுகள் இருக்கும். அவற்றை விரிசல் என்று எண்ணிப் பதற வேண்டாம். மற்றவை விரைவில் முடிந்துவிடும்: பட்டையின் ரிவெட்டுகள் அசைகின்றனவா, பக்கிள் ஒவ்வொரு பல்லிலும் பிடிக்கிறதா, முன்கண்ணாடியின் இரு பக்கப் பொருத்துகளும் உறுதியாக உள்ளனவா என்று பார்த்தால் போதும்.

இவை எல்லாவற்றிலும் தேறிவிட்டால், என்னுடையதாக இருந்தால் நான் தொடர்ந்து அணிவேன்.

மறுமொழி: கவசக்கடை

ஐயா சொன்ன கணக்கில் குறை காண்பதற்கில்லை. ஆனாலும் கடைக்கு வந்து கேட்பவர்களிடம் நான் பெரும்பாலும் மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். விற்பனைக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். காரணம், கொண்டுவரும் கவசத்தின் வரலாறு எனக்குத் தெரியாது. கைதவறி விழுந்தது என்பார்கள். கையில் வாங்கிப் பார்த்தால், ஓட்டின் ஒரு பக்கத்தில் கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் இணைகோடுகளாக ஓடியிருக்கும். நின்ற இடத்திலிருந்து விழுந்த கவசத்தில் பெயிண்ட் ஒரு புள்ளியில் பெயரும். துள்ளியிருந்தால் இன்னொரு புள்ளியிலும் பெயரும். இணைகோடுகளாகத் தேய்ந்திருந்தால் அது சாலையில் இழுபட்ட கவசம், பெரும்பாலும் உள்ளே தலையோடு. வீட்டில் தெரிந்தால் திட்டுவார்கள் என்பதற்காக விபத்தை மறைத்துக் கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பழைய கவசத்தைப் பிறரிடமிருந்து வாங்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

உள்துணியைக் கழற்றச் சொன்னார் அல்லவா, விலை குறைந்த பல கவசங்களில் அது ஒட்டப்பட்டிருக்கும். வலிந்து இழுத்தால் பசையோடு தெர்மோகோலின் மேல்தோலும் பிய்ந்து வரும், நல்ல கவசத்தை நாமே கெடுத்தது போலாகிவிடும். பொத்தான் வைத்திருந்தால் மட்டும் கழற்றுங்கள்; ஒட்டியிருந்தால் துணியின் மேலிருந்தே கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்தி, இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அழுத்தும்போது தெர்மோகோல் ஓட்டிலிருந்து விலகி அசைந்தால் உள்ளே பசை விட்டிருக்கிறது என்று பொருள்.

மறுமொழி: பட்டறைப் பொறியாளர்

இணைகோட்டுக் கீறல் பற்றிக் கடைக்காரர் சொன்னது மிகவும் பயனுள்ளது. அதை நான் குறிப்பிட்டிருக்க வேண்டும். கடையில் உள்ளவர் மாற்றச் சொல்வதற்கும் நான் தொடரலாம் என்பதற்கும் இடையே முரண்பாடு இல்லை. அவர் முன்னால் இருப்பது வரலாறு தெரியாத கவசம், நாம் பேசிக்கொண்டிருப்பது உரிமையாளர் கண்ணெதிரே விழுந்த கவசம்.

மறுமொழி: மலைப்பாதை

வால்பாறைப் பக்கம் வண்டி ஓட்டுபவன். தலை உள்ளே இல்லாததால் தெர்மோகோலை உள்ளிருந்து அழுத்த எதுவும் இல்லை என்று பொறியாளர் எழுதியிருக்கிறார். கேள்வியை மறுபடி படியுங்கள். உள்ளே டிஸ்க் லாக் இருந்திருக்கிறது.

அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள, மூலைகள் கூரான இரும்பு அது. தலைக்காவது அகன்ற பரப்பு உண்டு. இரும்பு மூலை ஒரே இடத்தில் குத்தும். நொய்யல்கரை, வெளியில் பெயர்ந்த பெயிண்டை விட்டுவிட்டு முதலில் உள்ளே பாருங்கள். அப்படியே, வண்டியை நிறுத்தியதும் கவசத்தைப் பக்கக் கண்ணாடியின் மேல் கவிழ்த்து மாட்டும் பழக்கம் இருக்கிறதா என்றும் சொல்லுங்கள். கண்ணாடியின் விளிம்பு நாள்தோறும் ஒரே இடத்தில் அழுந்தி அங்கே ஒரு குழியை உண்டாக்கிவிடும். எங்கள் பக்கத்தில் கவசங்கள் தரையில் விழுந்து கெடுவதைவிட அப்படிக் கெடுவதுதான் அதிகம்.

மறுமொழி: நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. பக்கக் கண்ணாடியில் மாட்டும் பழக்கம் எனக்கு இல்லை. நல்வாய்ப்பாக இந்தக் கவசத்தின் உள்துணி பொத்தான் வைத்தது, கழற்றிப் பார்த்தேன்.

வெளி ஓட்டில் விரிசல் எதுவும் இல்லை. பஞ்சு எங்கும் சிக்கவில்லை, விளிம்பின் உட்பக்கத்திலும் வெளுப்பு தெரியவில்லை. பட்டையும் பக்கிளும் சரியாக உள்ளன. ஆனால் உள்ளே, இடப்பக்கப் பொட்டுக்குச் சற்று மேலே, லாக்கின் மூலை பதிந்த வடிவத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. அளவுகோலை வைத்துப் பார்த்ததில் ஆழம் 6 மில்லிமீட்டர் அளவு வருகிறது. பள்ளத்தின் அடியில் தெர்மோகோல் மணிகள் தட்டையாகிப் பளபளக்கின்றன. பள்ளத்திலிருந்து ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு தொடங்கி, காற்று செல்லும் வாய்க்கால் வரை வளைந்து வளைந்து செல்கிறது. மறுபக்கத்தில் அதே இடத்தில் அப்படி எதுவும் இல்லை. உள்துணியை மாட்டிவிட்டு அணிந்து பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியவில்லை என்பதுதான் வியப்பாக உள்ளது.

மறுமொழி: பட்டறைப் பொறியாளர்

மலைப்பாதை கேட்டது சரியான கேள்வி. இப்போது என் விடை மாறுகிறது, ஆனால் காரணத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

தெர்மோகோலின் தடிமன் எதற்காக என்பதை ஒரு கணக்கில் காட்டலாம். நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் செல்லும் தலை 20 மில்லிமீட்டர் தொலைவுக்குள் நின்றால், அது தாங்கும் சராசரி முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 143 மடங்கு. அதே வேகம் 10 மில்லிமீட்டருக்குள் நின்றால் 287 மடங்கு. நான் முன்பு சொன்ன ஐரோப்பியத் தரநிலை, எந்த நொடியிலும் 275 மடங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. 30 மில்லிமீட்டர் தெர்மோகோலில் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர்தான் உண்மையில் நசுங்கும். அதற்கு மேல் அது கெட்டிப்பட்டுக் கல்லைப் போலாகிவிடும். எனவே தடிமனில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கில் சேரும், உங்கள் கவசத்தில் அந்த இடத்தில் 6 மில்லிமீட்டர் ஏற்கெனவே செலவாகிவிட்டது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. கட்டைவிரல் அகலப் பள்ளம் என்பது சிறிய பரப்பு. விபத்தில் தலை அதைவிடப் பல மடங்கு பெரிய பரப்பில் அழுந்தும், சுற்றியுள்ள கெடாத பகுதி பெரும்பாலான சுமையை ஏற்கும். பள்ளம் மட்டும் இருந்து, அதுவும் உச்சியிலோ பின்புறத்திலோ ஓரமாக இருந்திருந்தால், நான் தயங்கித் தயங்கியாவது சில மாதங்கள் ஓட்டலாம் என்று சொல்லியிருக்கக்கூடும். என்னைத் தடுப்பது அந்த வெள்ளைக் கோடு. நுரை நசுங்கித்தான் ஆற்றலை வாங்க வேண்டும். விரிசல் உள்ள நுரை அடிபடும்போது நசுங்குவதற்கு முன்னால் அந்தக் கோட்டின் வழியே பிளந்து விலக வாய்ப்புண்டு. விலகிய இடத்தில் தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே எதுவும் இருக்காது. காற்று வாய்க்கால் என்பது ஏற்கெனவே தடிமன் குறைந்த இடம், விரிசல் அங்கே போய்ச் சேர்ந்திருப்பது நல்லதன்று. பொட்டுப் பகுதியில் மண்டையோடு மெலிதாக இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஐயமே இல்லை, இதை மாற்றிவிடுங்கள்.

அணிந்து பார்த்ததில் வேறுபாடு தெரியவில்லை என்று வியந்திருந்தீர்கள். தெரியாது. தலையைத் தொடுவது உள்துணியும் மெத்தையும்தான். அவை பள்ளத்தின் மேல் பாலம்போல் விரிந்து கிடக்கும். பள்ளத்தைப் பசையாலோ வேறு தெர்மோகோல் துண்டாலோ நிரப்பலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: கூடாது. பசை காய்ந்தால் நுரையைவிடக் கடினமாகும். சிலவகைப் பசைகளில் உள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனையே கரைத்துவிடும்.

தம்பியைப் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. நம் ஊரில் நல்ல கவசம் ஓட்டுபவருக்கு, பழையதும் பழுதானதும் பின்னால் அமர்பவருக்கு என்பது எழுதப்படாத வழக்கமாகிவிட்டது. வண்டி சரிந்தால் இருவரும் ஒரே வேகத்தில்தான் விழுகிறார்கள். தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவும் இருவரையும் ஒன்றாகவே நடத்துகிறது. உங்களுக்கு உதவாது என்று முடிவான கவசம் அவருக்கும் உதவாது.

மறுமொழி: மலைப்பாதை

இதையொட்டிய ஓர் ஐயம். என் நண்பர் கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஓட்டியபோது, 40 கிலோமீட்டர் வேகத்தில் அது நழுவிச் சாலையில் உருண்டது. வெறும் கவசம்தான். வேகத்தில் விழுந்ததால் அதைத் தலையோடு அடிபட்டதாகக் கருத வேண்டுமா?

மறுமொழி: பட்டறைப் பொறியாளர்

சமமான சாலையில் உருண்டு நின்றிருந்தால், தரையை நோக்கி வந்த வேகம் முழங்கை உயரத்திலிருந்து விழுந்ததற்கு உரியதுதான். 40 கிலோமீட்டர் வேகம் உரசலாகவும் உருளலாகவும் செலவாகியிருக்கும். ஓடு கீறிக் கிடக்கும், தெர்மோகோல் பெரும்பாலும் தப்பியிருக்கும். வழியில் சென்டர் மீடியனிலோ நடைபாதைக் கல்லிலோ நேராக மோதியிருந்தால் கதை வேறு. அப்போது முழு வேகத்தோடும் மோதிய 1.4 கிலோ கவசம் 80 ஜூலுக்கு மேல் ஆற்றலைச் சந்தித்திருக்கும். உள்ளே தலை இல்லாவிட்டாலும் ஓடு உடைவதற்கு அது போதும். எங்கே போய் நின்றது என்று நண்பரிடம் கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் மாற்றச் சொல்லுங்கள். முழங்கையில் மாட்டிக்கொண்டு ஓட்டுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

மறுமொழி: கவசக்கடை

நொய்யல்கரை ஐயா, புதியது வாங்கும்போது சிலவற்றை மட்டும் கவனியுங்கள். 2021 ஜூன் 1 முதல் இந்தியாவில் இருசக்கர வாகனத் தலைக்கவசங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், முத்திரையின் மேல் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால் எந்த நிறுவனத்துக்கு உரியது என்று தெரிந்துவிடும்; சாலையோரத்தில் விற்கும் பலவற்றில் வெறும் ஒட்டுத்தாள்தான் இருக்கும். தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். ஸ்னெல் அமைப்பு ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வதற்குக் காட்டும் காரணங்களில் தலை எண்ணெயும் வியர்வையும் உண்டு. தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடு நம் வெயிலில் ஓட்டுபவர்கள் அதை நீட்டிக்க முயல வேண்டாம்.

பழையதைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் கழுத்துப் பட்டையைக் கத்தரியால் நறுக்கிவிடுங்கள். ஓடு பளபளவென்று இருப்பதால் யாராவது எடுத்துத் துடைத்து அணிந்துகொள்வார்கள், உள்ளே இருக்கும் விரிசல் அவர்களுக்குத் தெரியாது. புதியதை வாங்கிய பிறகு டிஸ்க் லாக்கை எங்கே வைப்பது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். சில வண்டிகளில் இருக்கைக்கு அடியில் அதற்கு இடம் இருக்கும்.